எரிபொருள் சிக்கனத்தில் அமெரிக்கத் தானுந்து நிறுவனங்களின் பின்னடைவு

எரிபொருள் சிக்கனத்தில் அமெரிக்கத் தானுந்து நிறுவனங்களின் பின்னடைவு என்பது, ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகிய மூன்று பெரும் நிறுவனங்கள் 1970களின் தொடக்கம் முதல், குறைந்த எரிபொருளில் அதிகத் தொலைவு ஓடும் வாகனங்களை ஆக்கி விற்பதில் வெளிநாட்டு நிறுவனங்களிடம், குறிப்பாக ஜப்பானிய நிறுவனங்களிடம், தம் இடத்தை இழந்துவந்த போக்கைக் குறிக்கும். மிச்சிகன் மாநிலத்தின் டிட்ராயிட் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் தலைமையகம் கொண்டிருந்தமையால் இம்மூன்றும் சேர்த்து 'டிட்ராயிட்' என்றே வழங்கப்படுகின்றன. 1960களில் அமெரிக்காவில் விற்ற ஒவ்வொரு பத்து மகிழுந்துகளிலும் (கார்களிலும்) ஏறத்தாழ ஒன்பது இவற்றின் தயாரிப்புகளாக இருந்தன. 2007 ஜூலையில் இவற்றின் மொத்தச் சந்தைப் பங்கு முதன்முறையாகப் பாதிக்கும் கீழே இறங்கியது. 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் நீதிமன்றத்தை அடைந்தன.

இப்பின்னடைவுக்குத் தொழில்நுட்ப அறிவு இல்லாமை காரணமன்று. இந்நிறுவனங்களின் ஐரோப்பியக் கிளைகள் சிக்கனமான சிறு வாகனங்களைப் பல பத்தாண்டுகளாகவே செய்துவந்தன. சிறு வாகனத்தில் இலாபம் குறைவு, பெரிய வாகனத்தில் மிகுதி என்ற வணிகக் கணக்கும், பெரிய வாகனங்களுக்குச் சட்டமும் இறக்குமதி வரியும் தந்த பாதுகாப்புமே முதன்மைக் காரணங்கள் ஆகும். எண்ணெய் விலை இறங்கிய ஒவ்வொரு முறையும் இந்நிறுவனங்கள் அப்பாதுகாப்புக்குள் திரும்பின. விலை ஏறிய ஒவ்வொரு முறையும் போட்டியாளர்களிடம் வாகனம் ஆயத்தமாக இருந்தது.

அளவிடும் முறை

ஒரு வாகனம் ஓர் அலகு எரிபொருளில் எவ்வளவு தொலைவு ஓடுகிறது என்பதே எரிபொருள் சிக்கனம் ஆகும். தமிழ்ப் பேச்சுவழக்கில் இது 'மைலேஜ்' எனப்படும். இந்தியாவில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்றும், அமெரிக்காவில் கேலனுக்கு இத்தனை மைல் என்றும் இதனைக் கூறுவர். ஓர் அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டருக்குச் சமம். எனவே கேலனுக்கு 10 மைல் என்பது லிட்டருக்கு ஏறத்தாழ 4.25 கிலோமீட்டர் ஆகும். இக்கட்டுரையில் அமெரிக்க அளவுகளுடன் இம்மாற்று அளவும் தரப்படுகிறது.

இவ்வலகு எளிதில் ஏமாற்றக்கூடியது. லிட்டருக்கு 6 கி.மீ. ஓடும் வாகனத்துக்குப் பதிலாக 8 கி.மீ. ஓடும் வாகனத்தை வாங்கினால், 12,000 கி.மீ. ஓட்டத்தில் 500 லிட்டர் மிச்சமாகும். 15 கி.மீ. ஓடுவதற்குப் பதிலாக 20 கி.மீ. ஓடுவதை வாங்கினால் அதே ஓட்டத்தில் மிச்சமாவது 200 லிட்டர் மட்டுமே. எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டாவதே பெரிய முன்னேற்றமாகத் தோன்றும். பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் எடுத்த ஒரு முடிவைப் புரிந்துகொள்ள இக்கணக்கு உதவும்.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் பெட்ரோல் மலிவாகக் கிடைத்தது, சாலைகள் அகலமானவை, ஊர்களுக்கு இடையே தொலைவு அதிகம். நீளமான உடலும் எட்டு உருளைப் பொறியும் (எஞ்சினும்) கொண்ட வாகனமே வாங்குவோரின் விருப்பமாக இருந்தது. வாகனத்தின் அளவு கூடக்கூட விற்பனை விலை வேகமாக ஏறியது, ஆக்கச் செலவோ அவ்வளவு ஏறவில்லை. ஆகவே சிறு வாகனம் என்பது இந்நிறுவனங்களைப் பொறுத்தவரை இலாபத்தைக் குறைக்கும் சரக்காகவே கருதப்பட்டது.

ஜப்பானின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அந்நாடு தனக்குத் தேவையான எண்ணெயை ஏறத்தாழ முழுவதும் இறக்குமதி செய்கிறது. நகரத் தெருக்கள் குறுகலானவை. வாகனத்தின் அளவையும் பொறியின் கொள்ளளவையும் பொறுத்து வரியும் கூடியது. சிறியதையும் சிக்கனமானதையும் செய்தால்தான் உள்நாட்டிலேயே விற்க முடியும் என்ற நிலையில் டொயோட்டா, நிசான், ஹோண்டா முதலிய நிறுவனங்கள் வளர்ந்தன. எனவே அமெரிக்காவில் எண்ணெய் விலை ஏறியபோது அவை புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. ஏற்கனவே செய்துகொண்டிருந்ததைக் கப்பலில் ஏற்றினால் போதுமானதாக இருந்தது.

சிறு வாகனத்துக்கு அமெரிக்காவிலும் வாங்குவோர் உண்டு என்பதை முதலில் காட்டியது மேற்கு செருமனியின் ஃபோக்ஸ்வாகன் 'பீட்டில்' ஆகும். 1949-இல் அமெரிக்காவுக்கு வந்த இவ்வாகனத்தின் விற்பனை 1968-இல் உச்சத்தை எட்டியது. இதற்கு விடையாக டிட்ராயிட் 1970-இல் ஃபோர்டு 'பின்டோ', செவர்லே 'வேகா' ஆகியவற்றை வெளியிட்டது. இரண்டும் அவசரத்தில் பிறந்தவை. வேகாவின் அலுமினியப் பொறி சூடேறிப் பழுதாயிற்று, அதன் உடலும் விரைவில் துருப்பிடித்தது. பின்னால் இருந்து மோதினால் பின்டோவின் எரிபொருள் தொட்டி தீப்பிடிக்கும் என்ற குற்றச்சாட்டை அடுத்து, 1978-இல் ஏறத்தாழ 15 இலட்சம் வாகனங்கள் திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்கச் சிறு வாகனம் என்றால் தரக்குறைவானது என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்ற இவ்விரண்டும் பெரிதும் காரணமாயின.

முதல் இரு எண்ணெய் நெருக்கடிகள்

1973 அக்டோபரில் தொடங்கிய அரபு-இசுரேல் போரின்போது அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் ஒன்றுக்குச் சுமார் 3 டாலராக இருந்த விலை 1974-இன் தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் நிலையங்களில் வண்டிகள் வரிசையில் காத்துக்கிடந்தன. அக்காலத்தில் விற்ற புதிய அமெரிக்க மகிழுந்துகளின் சராசரிச் சிக்கனம் கேலனுக்குச் சுமார் 13 முதல் 14 மைல் வரை, அதாவது லிட்டருக்கு 6 கி.மீ.க்கும் குறைவு.

இதே காலத்தில் மாசுக் கட்டுப்பாடும் கடுமையாயிற்று. 1970-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் விதித்த வரம்புகளை எட்டுவது கடினம் என்று அமெரிக்க நிறுவனங்கள் வாதிட்டுக் காலநீட்டிப்பு கேட்டன. ஹோண்டா தன் 'சி.வி.சி.சி.' பொறியைக் கொண்டு அவ்வரம்பை எட்டிக் காட்டியது. இப்பொறியில் முதன்மை எரியறையின் அருகே ஒரு சிறு துணை அறை உண்டு. துணை அறையில் எரிபொருள் செறிந்த கலவை முதலில் தீப்பற்றும். அச்சுடர் முதன்மை அறையில் உள்ள நீர்த்த கலவையைச் சீராக எரிக்கும். இதனால் வினையூக்கி மாற்றி என்னும் துணைக்கருவி இல்லாமலேயே மாசு குறைந்தது. சிறு பொறிக்குத்தான் இது பொருந்தும் என்று கூறப்பட்டபோது, ஹோண்டா ஒரு செவர்லே 'இம்பாலா'வை வாங்கி, அதன் பெரிய பொறியிலும் இம்முறையைப் பொருத்தி, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வகத்தில் சோதனைக்கு நிறுத்தி வென்றது. இம்பாலா ஜெனரல் மோட்டார்ஸின் தயாரிப்பு என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. இப்பொறியுடன் 1975-ஆம் ஆண்டு மாதிரியாக வந்த ஹோண்டா 'சிவிக்' எரிபொருள் சிக்கனப் பட்டியலிலும் முன்னணியில் நின்றது.

1979-இல் ஈரானியப் புரட்சியை அடுத்து விலை மீண்டும் இரு மடங்குக்கும் மேல் ஏறியது. பெரிய வாகனங்கள் விற்காமல் தேங்க, கிரைஸ்லர் முறியும் நிலைக்கு வந்தது. 1980 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் அந்நிறுவனத்துக்கு 150 கோடி டாலர் கடன் உத்தரவாதம் அளித்தது. லீ அயகோக்காவின் தலைமையில் வந்த முன்சக்கர இயக்கம் கொண்ட 'கே' வகை மகிழுந்துகளும், 1983-இன் இறுதியில் வெளியான சிற்றுந்துகளும் நன்கு விற்றன. உத்தரவாதம் பெற்ற கடன் 1983-இலேயே, குறித்த காலத்துக்கு ஏழு ஆண்டுகள் முன்னதாக, அடைக்கப்பட்டது. நெருக்கடி வந்தால் டிட்ராயிட்டால் சிக்கனமான வாகனத்தைச் செய்ய முடியும் என்பதற்கு இது சான்று. நெருக்கடி தீர்ந்த பின் அவ்வழியில் தொடர்வதே அரிதாயிற்று.

இக்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் எடுத்த மற்றொரு முயற்சி தீய விளைவையே தந்தது. 1978 மாதிரிகளில் அது அறிமுகப்படுத்திய 5.7 லிட்டர் ஓல்ட்ஸ்மொபைல் டீசல் பொறி சிக்கனமானதுதான். ஆயினும் டீசலின் உயர் அழுத்தத்தை அதன் தலைப்பகுதித் திருகாணிகள் தாங்கவில்லை. 1985-இல் அது கைவிடப்பட்டது. டீசல் மகிழுந்து மீது அமெரிக்கர்கள் கொண்ட நெடுநாள் வெறுப்புக்கு இப்பொறியே காரணம் என்று கூறப்படுவதுண்டு.

ஏற்றுமதிக் கட்டுப்பாடும் அதன் விளைவும்

1980-இல் அமெரிக்காவில் விற்ற மகிழுந்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானியத் தயாரிப்புகளாக இருந்தன. அவ்வாண்டே வாகன உற்பத்தியில் ஜப்பான் அமெரிக்காவை முந்தியது. அமெரிக்க அரசின் அழுத்தத்தால் ஜப்பான் 1981 முதல் ஆண்டுக்கு 16.8 இலட்சம் மகிழுந்துகளுக்கு மேல் அனுப்புவதில்லை என்று தானே வரம்பு விதித்துக்கொண்டது.

உள்நாட்டு நிறுவனங்கள் மூச்சுவிடக் கிடைத்த இக்கால அவகாசம் எதிராளியையே வலுப்படுத்தியது. எண்ணிக்கை வரம்புக்கு உட்பட்டதால் ஜப்பானியர் ஒவ்வொரு வாகனத்திலும் அதிக இலாபம் பெற விலை உயர்ந்த வகைகளுக்கு நகர்ந்தனர். ஹோண்டாவின் 'அக்யூரா' 1986-இலும், டொயோட்டாவின் 'லெக்சஸ்' 1989-இலும் அமெரிக்காவில் தோன்றின. அமெரிக்க மண்ணிலேயே ஆலை அமைத்தால் வரம்பு பொருந்தாது என்பதால், ஹோண்டா 1982 நவம்பரில் ஒகையோ மாநிலத்தின் மேரிஸ்வில்லில் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு நிசான் டென்னசியிலும், 1988-இல் டொயோட்டா கென்டக்கியிலும் உற்பத்தியைத் தொடங்கின. அமெரிக்கத் தொழிலாளர்களைக் கொண்டு அமெரிக்காவிலேயே சிக்கனமான வாகனத்தை இலாபத்துடன் செய்யலாம் என்பதை இவ்வாலைகள் மெய்ப்பித்தன. எனினும் ஓர் உண்மையையும் மறக்கலாகாது. புதிய ஆலைகளில் இளம் தொழிலாளர்களே இருந்தனர். டிட்ராயிட் நிறுவனங்களோ இலட்சக்கணக்கான ஓய்வூதியர்களின் ஓய்வூதியத்தையும் மருத்துவச் செலவையும் சுமந்தன. ஒவ்வொரு வாகனத்தின் விலையிலும் அச்சுமை ஏறியது. சிறு வாகனத்தின் மெல்லிய இலாபத்தில் அதை ஈடுகட்ட இயலவில்லை.

1975-ஆம் ஆண்டுச் சட்டமும் 'இலகு சரக்குந்து' வகையும்

1975 டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு கையொப்பமிட்ட எரிசக்திச் சட்டம், ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் மகிழுந்துகள் அனைத்தின் சராசரிச் சிக்கனத்துக்கும் கீழ்வரம்பு விதித்தது. 1978 மாதிரிகளுக்குக் கேலனுக்கு 18 மைல் (லிட்டருக்கு 7.7 கி.மீ.), 1985-க்குள் 27.5 மைல் (11.7 கி.மீ.) என்பது இலக்கு. இச்சட்டம் பெரும் பயன் விளைத்தது. பத்தே ஆண்டுகளில் புதிய மகிழுந்துகளின் சிக்கனம் ஏறத்தாழ இரட்டிப்பானது.

ஆனால் இச்சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. உழவர், கொத்தர், குழாய்ப் பணியாளர் முதலியோர் பயன்படுத்தும் பிக்கப் போன்ற சிறு சரக்கு வாகனங்கள் 'இலகு சரக்குந்து' எனத் தனியே பிரிக்கப்பட்டு, அவற்றுக்குத் தளர்ந்த வரம்பு விதிக்கப்பட்டது. அக்காலத்தில் அவை மொத்த விற்பனையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே என்பதால் இது பெரிதாகத் தோன்றவில்லை. பிக்கப்பின் அடிச்சட்டத்தின் மேல் குடும்பத்துக்கான இருக்கைகளையும் கூரையையும் பொருத்தினால் அதுவும் சட்டப்படி இலகு சரக்குந்தே என்பதை நிறுவனங்கள் விரைவில் கண்டுகொண்டன. எஸ்.யூ.வி. எனப்படும் வகை இவ்வாறே பெருகியது. 1983-இல் வந்த ஜீப் 'செரோக்கி', 1990-இல் வந்த ஃபோர்டு 'எக்ஸ்புளோரர்' ஆகியவை இவ்வகையின் பெருவெற்றிகள் ஆகும். அடிச்சட்டம் ஏற்கனவே இருப்பதால் ஆக்கச் செலவு குறைவு, விலையோ அதிகம். ஒரு பெரிய எஸ்.யூ.வி.யில் 10,000 டாலருக்கும் மேல் இலாபம் கிடைப்பதாக 1990களின் இறுதியில் மதிப்பிடப்பட்டது.

வகைப்பாட்டை வளைப்பதில் விந்தைகளும் நிகழ்ந்தன. 2000-இல் வந்த கிரைஸ்லர் 'பி.டி. குரூசர்' பார்வைக்கு ஒரு சிறு மகிழுந்து. பின்னிருக்கைகளைக் கழற்றித் தட்டையான தளம் பெறலாம் என்பதால் அது சட்டப்படி சரக்குந்தாயிற்று. அதன் சிக்கனம் கிரைஸ்லரின் பெரிய சரக்குந்துகளின் சராசரியை உயர்த்தியதால், அப்பெரியவற்றை மேலும் விற்க வழி பிறந்தது. இது டிட்ராயிட்டின் குணம் மட்டுமன்று. ஜப்பானின் சுபாரு நிறுவனமும் தன் 'அவுட்பேக்' வாகனத்தைத் தரையிலிருந்து சற்று உயர்த்தி, 2005 மாதிரி முதல் சரக்குந்தாகப் பதிவு செய்தது.

இதைவிடப் பெரிய வாகனங்களுக்கு வரம்பே இல்லை. சரக்குடன் மொத்த எடை 8,500 பவுண்டைத் (சுமார் 3,856 கிலோ) தாண்டும் வாகனங்கள் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றன. ஃபோர்டு 'எக்ஸ்கர்ஷன்', 'ஹம்மர் எச்2' ஆகியவை இவ்வகையின. அவற்றின் மைலேஜை விற்பனைச் சீட்டில் எழுதவேண்டிய கட்டாயமும் அன்று இல்லை. 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட வாகனத்தைத் தொழிலுக்கென வாங்குவோர் 2003-இல் 1,00,000 டாலர் வரை வரிக்கழிவு பெறலாம் என்ற விதியும் சேர்ந்துகொண்டது. எஸ்.யூ.வி.களுக்கான இச்சலுகை 2004-இல் 25,000 டாலராகக் குறைக்கப்பட்டது.

கோழி வரி

மேற்கண்ட பாதுகாப்புக்கு வேலியாக அமைந்தது 'கோழி வரி' எனப்படும் இறக்குமதி வரி ஆகும். 1960களின் தொடக்கத்தில் மேற்கு ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை உயர்த்தின. இதற்குப் பதிலடியாக 1963 டிசம்பரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் பிராந்தி, உருளைக்கிழங்கு மாவுப்பொருள் முதலியவற்றுடன் இலகு சரக்குந்துகளுக்கும் 25 விழுக்காடு வரி விதித்தார். மற்றவை காலப்போக்கில் நீங்கின. சரக்குந்து வரி மட்டும் நிலைத்துவிட்டது. மகிழுந்துகளுக்கு அப்போது மிகக் குறைந்த வரியே என்பதால், வெளிநாட்டவர் மகிழுந்துச் சந்தையில் நுழைந்து பரவினர், பிக்கப் சந்தை டிட்ராயிட்டின் கோட்டையாக நின்றது. போட்டி இல்லாத இடத்தில் இலாபம் பெருகும், முதலீடும் அங்கேயே குவியும். துருக்கியில் செய்த தன் 'டிரான்சிட் கனெக்ட்' சரக்கு வாகனங்களுக்கு இவ்வரியைத் தவிர்க்க ஃபோர்டு நிறுவனமே பின்னிருக்கைகளைப் பொருத்தி இறக்கி, துறைமுகத்தில் அவற்றைக் கழற்றிய செய்தி சுவையானது. அவ்வழக்கு 2024-இல் 36.5 கோடி டாலர் செலுத்தித் தீர்க்கப்பட்டது.

மலிவு எண்ணெயின் ஆண்டுகள்

1986-இல் எண்ணெய் விலை சரிந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வேண்டியபடி மகிழுந்து வரம்பு அவ்வாண்டு 26 மைலாகத் தளர்த்தப்பட்டு, 1990-இல்தான் 27.5-க்குத் திரும்பியது. இலக்கை எட்டுவதற்கு முன்னரே முதலீடு செய்திருந்த கிரைஸ்லர் இத்தளர்வை எதிர்த்தது. 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்க நாடாளுமன்றம் வரம்பை உயர்த்துவதற்கு நிதி ஒதுக்கத் தடை விதித்து, அத்தடையை ஆண்டுதோறும் 2001 வரை புதுப்பித்தது. இலகு சரக்குந்துகளின் வரம்பு 1996 முதல் 2004 வரை 20.7 மைலிலேயே (8.8 கி.மீ.) நின்றது. பெட்ரோல் மீதான நடுவண் வரியும் 1993-இல் கேலனுக்கு 18.4 சென்ட் என உயர்ந்தபின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உயர்த்தப்படவில்லை. வாங்குவோரிடம் சிக்கனத்தைக் கேட்கும் தூண்டுதல் எதுவும் இல்லாதபோது நிறுவனங்களை மட்டும் குறைகூறுவது முழு நியாயம் ஆகாது.

ஹைபிரிட் வாகனங்கள்

ஹைபிரிட் வாகனம் என்பது பெட்ரோல் பொறியையும் மின்னோடியையும் (மோட்டாரையும்) சேர்த்து இயங்குவது ஆகும். சாதாரண வாகனத்தில் பிரேக் பிடிக்கும்போது ஆற்றல் வெப்பமாக வீணாகும். ஹைபிரிட்டில் அவ்வாற்றலின் ஒரு பகுதி மின்கலத்தில் சேமிக்கப்பட்டு, மீண்டும் புறப்படும்போது பயன்படுகிறது. சிக்னலில் நிற்கையில் பொறி அணைந்துவிடும். எனவே நெரிசலான நகரப் போக்குவரத்தில் இதன் பயன் மிகுதி.

இத்துறையில் முதலில் அரசுத் திட்டம் அமைத்தது அமெரிக்காதான் என்பது பலரும் அறியாதது. 1993 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் பில் கிளின்டன், மூன்று நிறுவனங்களையும் அரசு ஆய்வகங்களையும் இணைத்து ஒரு கூட்டுத் திட்டத்தை அறிவித்தார். நடுத்தரக் குடும்ப வாகனம் ஒன்றைக் கேலனுக்கு 80 மைல் (லிட்டருக்கு 34 கி.மீ.) ஓடச்செய்வது இலக்கு. ஜப்பானிய நிறுவனங்களுக்கு அதில் இடமில்லை. அவ்வறிவிப்பே ஜப்பானியரைத் தூண்டியது என்று கருதுவோர் உளர். டக்கேஷி உச்சியமாடாவின் தலைமையில் டொயோட்டாப் பொறியாளர்கள் உருவாக்கிய 'பிரியஸ்' 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 1999 டிசம்பரில் ஹோண்டா 'இன்சைட்' அமெரிக்காவில் விற்பனையான முதல் ஹைபிரிட் ஆயிற்று. அடுத்த ஆண்டு பிரியஸும் அங்கு வந்தது. அதே 2000-இல்தான் அமெரிக்கக் கூட்டுத் திட்டத்தின் மூன்று மாதிரி வாகனங்கள் காட்சிக்கு வந்தன. மூன்றும் டீசல் ஹைபிரிட்டுகள், இலக்கை ஒட்டிய சிக்கனம் உடையவை. ஒன்றும் விற்பனைக்கு வரவில்லை. 2002 ஜனவரியில் புதிய அரசு அத்திட்டத்தை முடித்து, ஹைட்ரஜன் எரிகலத்தை நோக்கிய வேறொரு திட்டத்தைத் தொடங்கியது.

பரிசோதனைக் கூடத்தில் வென்று கடையில் தோற்றதற்கு ஜெனரல் மோட்டார்ஸின் 'இ.வி.1' மின்தானுந்து மற்றோர் எடுத்துக்காட்டு. கலிபோர்னியா மாநிலத்தின் மாசில்லா வாகன விதியை ஒட்டி 1996-இல் வெளியான இது, 1,117 மட்டுமே செய்யப்பட்டு, வாடகைக் குத்தகைக்கு மட்டும் விடப்பட்டது. பின்னர் அனைத்தும் திரும்பப் பெறப்பட்டுப் பெரும்பாலானவை நொறுக்கப்பட்டன. இ.வி.1-ஐக் கைவிட்டு ஹைபிரிட்டிலும் போதிய முதலீடு செய்யாமல் விட்டதே தன் மிகத் தவறான முடிவு என்று நிறுவனத் தலைவர் ரிக் வேகனர் 2006-இல் ஒப்புக்கொண்டார்.

ஜெனரல் மோட்டார்ஸ் ஹைபிரிட்டை முற்றிலும் புறக்கணித்தது என்பதும் சரியன்று. அதிக எரிபொருள் குடிக்கும் வாகனத்தில்தான் அதிகம் மிச்சமாகும் என்று கருதி, அது முதலில் நகரப் பேருந்துகளிலும், பின்னர் 2008 மாதிரியான 'தாஹோ' எஸ்.யூ.வி.யிலும் ஹைபிரிட் முறையைப் பொருத்தியது. முற்பகுதியில் கண்ட கணக்கின்படி இது பிழையற்ற வாதம். ஆனால் தாஹோவின் விலை மிக அதிகம், வாங்கியோர் மிகச் சிலர். சிக்கனத்தை விரும்பியவர் பெரிய எஸ்.யூ.வி.யை நாடவில்லை, எஸ்.யூ.வி.யை விரும்பியவர் சிக்கனத்துக்குக் கூடுதல் விலை தர எண்ணவில்லை. பிரியஸ் உலகெங்கும் 10 இலட்சம் விற்றதை டொயோட்டா 2008-இல் அறிவித்தது.

ஃபோர்டு நிறுவனம் 2000-இல் தன் எஸ்.யூ.வி.களின் சிக்கனத்தை ஐந்தாண்டில் 25 விழுக்காடு உயர்த்துவதாக வாக்களித்து, 2003-இல் பின்வாங்கியது. ஆண்டுக்கு 2,50,000 ஹைபிரிட்டுகள் என்று 2005-இல் அளித்த வாக்கையும் மறு ஆண்டே கைவிட்டது. எனினும் 2004-இல் வந்த அதன் 'எஸ்கேப் ஹைபிரிட்', அமெரிக்க நிறுவனம் ஒன்று விற்ற முதல் ஹைபிரிட் எஸ்.யூ.வி. ஆகும்.

2008 நெருக்கடி

2008 ஜூலையில் எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. பெட்ரோல் கேலனுக்கு 4 டாலரைத் தாண்டியது. அவ்வாண்டு மே மாதத்தில் ஹோண்டா சிவிக், நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த ஃபோர்டின் எஃப் வரிசைப் பிக்கப்பை மாத விற்பனையில் முந்தியது. ஜூன் 3 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் நான்கு சரக்குந்து ஆலைகளை மூடுவதாக அறிவித்தது. அவற்றுள் விஸ்கான்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில் ஆலை அந்நிறுவனத்தின் மிகப் பழைய ஆலை ஆகும். கிறித்துமசுக்கு இரு நாள் முன்பு அதன் கடைசி எஸ்.யூ.வி. வெளிவந்தது. தந்தை, மகன் எனத் தலைமுறையாக அவ்வாலையில் உழைத்த குடும்பங்கள் பல. எந்த வாகனத்தைச் செய்வது என்ற முடிவு அவர்களுடையதாக இருக்கவில்லை.

அவ்வாண்டில் டொயோட்டா உலக விற்பனையில் ஜெனரல் மோட்டார்ஸை முந்தியது. 77 ஆண்டுகளாக அந்நிறுவனம் வகித்த முதலிடம் பறிபோயிற்று. நவம்பரில் மூன்று தலைவர்களும் அரசுக் கடன் கேட்டுத் தனி விமானங்களில் வாஷிங்டன் சென்று கண்டனத்துக்கு ஆளாயினர். டிசம்பரில் அவர்கள் தத்தம் நிறுவன ஹைபிரிட் வாகனங்களில் சாலை வழியே வந்தனர். அவ்வாண்டு இறுதியில் 1,740 கோடி டாலர் கடன் வழங்கப்பட்டும், கிரைஸ்லர் 2009 ஏப்ரல் 30 அன்றும், ஜெனரல் மோட்டார்ஸ் ஜூன் 1 அன்றும் திவால் பாதுகாப்புக் கோரின. 2006-இலேயே சொத்துகளை அடகுவைத்துப் பெருங்கடன் பெற்றிருந்த ஃபோர்டு தப்பியது. கிரைஸ்லரைப் பெற்ற இத்தாலியின் ஃபியட், கூடுதல் பங்கு பெறுவதற்கு நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளுள் ஒன்று, கேலனுக்கு 40 மைல் (17 கி.மீ.) ஓடும் மகிழுந்தை அமெரிக்காவில் செய்வதாகும்.

2009 கோடையில் பழைய வாகனத்தை ஒப்படைத்துச் சிக்கனமானதை வாங்குவோருக்கு அரசு மானியம் அளித்தது. இதற்கு 300 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஒப்படைக்கப்பட்டவற்றுள் முதலிடம் ஃபோர்டு எக்ஸ்புளோரருக்கு, வாங்கப்பட்டவற்றுள் முதலிடம் டொயோட்டா 'கொரோலா'வுக்கு.

மாறுபட்ட கருத்துகள்

ஜப்பானிய நிறுவனங்களைச் சிக்கனத்தின் காவலர்களாகச் சித்திரிப்பது மிகை. டொயோட்டாவும் டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் 2006-இல் ஆலை திறந்து பெரிய பிக்கப்புகளைச் செய்தது. 2007-இல் வரம்பை உயர்த்தும் சட்டம் விவாதிக்கப்பட்டபோது டிட்ராயிட்டுடன் சேர்ந்து கடும் வரம்பை எதிர்த்தது. 2020-க்குள் 35 மைல் (14.9 கி.மீ.) என்ற அச்சட்டம் அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறியது. இரு தரப்புக்கும் வேறுபாடு நோக்கத்தில் இல்லை. டொயோட்டாவிடம் பிக்கப் விற்காதபோது விற்க வேறு வாகனம் இருந்தது.

பிந்தைய நிலை

நெருக்கடிக்குப் பின் ஃபோர்டு தன் ஐரோப்பியச் சிறு வாகனமான 'ஃபியஸ்டா'வை 2010-இல் மீண்டும் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. இதே வாகனத்தின் முதல் தலைமுறை 1970களின் இறுதியிலும் அங்குச் சில ஆண்டுகள் விற்று நிறுத்தப்பட்டது. சென்னையை அடுத்த மறைமலை நகரில் செய்யப்பட்ட 'எக்கோஸ்போர்ட்' என்னும் சிறு எஸ்.யூ.வி.யும் 2018 முதல் அமெரிக்காவில் விற்றது. எண்ணெய் மலிவானதும் பழைய நிலை திரும்பியது. 2018 ஏப்ரலில் ஃபோர்டு, 'மஸ்டாங்' நீங்கலாக ஏறத்தாழ எல்லா மகிழுந்துகளையும் அமெரிக்காவில் நிறுத்துவதாக அறிவித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2010-இல் தொடங்கிய 'வோல்ட்' ஹைபிரிட்டை 2019-இல் நிறுத்தியது. 2021-இல் ஃபோர்டு இந்திய உற்பத்தியை நிறுத்த முடிவு செய்ய, மறைமலை நகர் ஆலையும் 2022-இல் ஓய்ந்தது.

2021-இல் வந்த ஃபோர்டு 'மேவரிக்' என்னும் சிறு பிக்கப் ஹைபிரிட் பொறியையே அடிப்படையாகக் கொண்டு வெளியானது. நகரில் கேலனுக்கு 42 மைல் (17.9 கி.மீ.) ஓடும் இதற்குத் தேவை உற்பத்தியை விஞ்சியதால், சில மாதங்களில் முன்பதிவை நிறுத்த நேர்ந்தது.

மின்தானுந்துகளில் போட்டி சீனாவுக்கு இடம்பெயர்ந்துள்ளது. 2023-இன் கடைசிக் காலாண்டில் சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் மின்தானுந்து விற்பனையில் டெஸ்லாவை முந்தியது. அமெரிக்கா 2024-இல் சீன மின்தானுந்துகளுக்கு 100 விழுக்காடு வரி விதித்தது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் எரிபொருள் சிக்கன வரம்பை மீறும் நிறுவனங்களுக்கான தண்டத்தொகையைச் சுழியாக்கியது. மின்தானுந்து வாங்குவோருக்கான வரிச்சலுகையும் அவ்வாண்டு செப்டம்பர் 30-உடன் முடிந்தது. சீன வாகனங்கள் அண்டை நாடான மெக்சிக்கோவில் விற்பனையாகின்றன.